பாரிஸ் நகரச் சின்னத்தைப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாரிசில் பழைய அரசுப் பள்ளி ஒன்றின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், கதவுக்கு மேலே கல்லில் ஒரு கேடயமும் அதனுள் ஒரு கப்பலும் செதுக்கப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். நகர மண்டபங்களிலும் பாலங்களிலும் அதே கப்பல் இருக்கிறது. லா சப்பல் பகுதியில் காய்கறி வாங்கப் போகும் நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தக் கேடயங்களுக்குக் கீழே நடந்திருப்பார்கள். கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் ஊருக்குக் கப்பல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மனத்தில் எழுந்தவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதைப் படித்து முடித்ததும், ஒரு கட்டடத்தின் முன் நின்று, அங்குள்ள சின்னத்தின் ஒவ்வொரு பகுதியும் எந்தக் காலத்தில் யாரால் சேர்க்கப்பட்டது என்று நீங்களே சொல்ல முடிய வேண்டும் என்பதே என் நோக்கம்.

இதற்குத் தேவையானவை மிகக் குறைவு. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் படமெடுக்கும் கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் போதும். அடிப்படையாக ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கேடயத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள கப்பல் நகரத்தாருடையது, அதற்கு மேலேயுள்ள பட்டை ஆண்டவர்களுடையது. எண்ணூறு ஆண்டுகளில் மேற்பட்டை பறிக்கப்பட்டது, மாற்றப்பட்டது, திரும்பவும் வைக்கப்பட்டது. கப்பலும் ஒருமுறை இருபது ஆண்டுகள் மறைந்தது உண்மைதான். ஆனால் எந்த ஆட்சி சின்னத்தைத் திரும்பக் கொண்டுவந்தாலும் கப்பல் இல்லாமல் கொண்டுவர முடியவில்லை.

முதற்படி: பகுதிகளைப் பிரித்துப் பாருங்கள்

முழுச் சின்னத்தையும் ஒரே பார்வையில் விழுங்க முயல வேண்டாம். முதலில் கேடயத்தை மட்டும் பாருங்கள். சிவப்புத் தளத்தில் வெள்ளி நிறக் கப்பல், அதன் கீழே வெள்ளி அலைகள், மேலே நீலப் பட்டையில் தூவியது போல் பொன்னிற லில்லிப் பூக்கள். அதன்பின் கேடயத்துக்கு வெளியே வாருங்கள். உச்சியில் கோட்டைச் சுவர் வடிவில் கோபுரங்கள் கொண்ட கிரீடம், இரு பக்கங்களிலும் இலைக் கிளைகள், கீழே எழுத்துகள் பொறித்த நாடா, அதையொட்டிப் பதக்கங்கள். கேடயத்தின் உள்ளே இருப்பதே சின்னத்தின் உயிர். வெளியே இருப்பவை பிற்காலத்து அணிகலன்கள். சிற்பி இடத்தைப் பொறுத்து அவற்றைக் கூட்டுவார், குறைப்பார்.

இடம், வலம் குறித்து ஓர் எச்சரிக்கை. கேடயச் சின்னக் கலையில் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் பார்வையிலிருந்தே திசை சொல்லப்படும். ஆகவே நூல்களில் ‘வலப்புறம் லாரல் கிளை, இடப்புறம் ஓக் கிளை’ என்று படித்தால், எதிரே நிற்கும் உங்களுக்கு லாரல் இடக்கைப் பக்கமும் ஓக் வலக்கைப் பக்கமும் தெரியும். தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இது.

இரண்டாம் படி: கப்பலிலிருந்து தொடங்குங்கள்

சின்னத்தின் மிகப் பழைய பகுதி கப்பல் என்பதால் வரலாற்றையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அது கடலோடும் கப்பலாகப் பிறக்கவில்லை. சென் ஆற்றில் சரக்கு ஏற்றிச் சென்ற படகாகப் பிறந்தது.

12ஆம் நூற்றாண்டில் பாரிசின் உணவும் விறகும் உப்பும் மதுவும் பெரும்பாலும் ஆற்று வழியே வந்தன. அந்த வணிகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ‘நீர் வணிகர்கள்’ என்று அழைக்கப்பட்ட குழுவினர். 1170ஐ ஒட்டி மன்னர் ஏழாம் லூயி அவர்களுடைய பழைய உரிமைகளை உறுதிசெய்து ஆவணம் வழங்கினார். ஆறு ஓடிச்செல்லும் பக்கத்தில், பாரிசுக்குக் கீழே உள்ள மாந்த் ஊர்ப் பாலத்திலிருந்து பாரிஸ் பாலங்கள் வரை, பாரிஸ் நீர் வணிகராக இல்லாதவரோ அவர்களில் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளாதவரோ சரக்கு கொண்டுவரக் கூடாது. மீறினால் சரக்கு பறிமுதலாகும். அதில் பாதி மன்னருக்கு, பாதி வணிகர்களுக்கு. ரூவான் நகரத்து வணிகர்கள் பாரிசுக்கு வர வேண்டுமானால் பாரிஸ்காரர் ஒருவருக்கு லாபத்தில் பங்கு கொடுத்தாக வேண்டும். ஆற்றின் மீது இத்தனை அதிகாரம் கொண்டிருந்தவர்கள் தங்கள் முத்திரையில் படகைப் பொறித்தது இயல்பே.

அந்த முத்திரை 1210ஆம் ஆண்டளவில் வழக்கத்தில் இருந்தது. அதன் படத்தைத் தேடிப் பார்த்து, இன்றைய சின்னத்தின் அருகில் வைத்து ஒப்பிடுவது ஒரு புதியவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பயிற்சி. முத்திரையில் இருப்பது எளிய ஓடம்; இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன; நடுவில் ஒற்றைப் பாய்மரம்; அதை இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் இரு பக்கமும் விரிந்து இறங்குகின்றன. விரித்த பாய் இல்லை. சுற்றிலும் லத்தீன் எழுத்தில் ‘பாரிஸ் நீர் வணிகர்களின் முத்திரை’ என்று இருக்கிறது. நகரத்தின் முத்திரை என்று அல்ல, வணிகர்களின் முத்திரை என்றே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் வணிகர் குழுவின் முத்திரை எப்படி நகரத்தின் சின்னமானது? பிரான்சின் வேறு பல நகரங்கள் தன்னாட்சிச் சாசனம் பெற்றிருந்த காலத்தில், பாரிஸ் மன்னரின் சொந்த நகரமாகவே இருந்தது. நீதியும் காவலும் மன்னரின் அதிகாரி கையில். எஞ்சிய பொது வேலைகள் ஒவ்வொன்றாக நீர் வணிகர்களின் கைக்கு வந்தன. 1220இல் மன்னர் பிலிப் ஓகுஸ்த், அளவைகளைக் கண்காணிக்கும் உரிமையையும், எந்த மதுக்கடையில் எந்த மது என்ன விலை என்று தெருவில் கூவிச் சொல்வோரை நியமிக்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுத்தார். சந்தையின் படியும் கூவுவோரின் குரலும் யார் கையில் இருந்தனவோ, ஊர் நிர்வாகமும் மெல்ல அவர்கள் கைக்குப் போனது. 1263இல் இக்குழுவின் தலைவர் ‘வணிகர் தலைவர்’ என்ற பதவிப் பெயருடன் ஆவணத்தில் தென்படுகிறார். அந்தப் பதவி 1789 ஜூலை 14 அன்று, அதன் கடைசித் தலைவரான ஜாக் து ஃபிளெசெல் கூட்டத்தின் கையில் கொல்லப்படும் வரை நீடித்தது. அந்த ஐந்நூறு ஆண்டுகளும் நகரத்தின் அடையாளம் அவர்களுடைய படகுதான்.

படகு கப்பலாக மாறியது பிற்காலத்தவரின் கைவேலை. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல செதுக்குவோரும் வரைவோரும் அதற்குக் காற்றில் உப்பிய பாய்களையும் முன்முனையில் உயர்ந்த அணியத்தையும் மேல்தட்டையும் கொடியையும் கொடுத்தார்கள். எனவே நீங்கள் பார்க்கும் கப்பலின் அலங்காரம், சின்னத்தின் பொருளைவிட அதைச் செதுக்கிய காலத்தின் ரசனையையே அதிகம் காட்டும்.

இங்கே இரண்டு கதைகளை ஒதுக்கி வைக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று, ஆற்றின் நடுவிலுள்ள சித்தே தீவின் வடிவம் கப்பலைப் போல இருப்பதால் கப்பல் சின்னம் வந்தது என்பது. கேட்க அழகானது, ஆனால் முத்திரையின் வாசகம் வணிகர்களைத்தான் சுட்டுகிறது, தீவை அல்ல. மற்றொன்று சற்றுக் கனமானது. 1711இல் நோத்ர் தாம் தேவாலயத்தின் பீடப் பகுதிக்குக் கீழே தோண்டியபோது, ரோமப் பேரரசர் திபேரியுஸ் காலத்தில், அதாவது கி.பி. 14க்கும் 37க்கும் இடையில், அப்போது இங்கே வாழ்ந்த பாரிசி மக்களின் படகோட்டிகள் ஜூபிடர் தெய்வத்துக்கு நிறுவிய தூணின் கற்கள் கிடைத்தன. நகரத்துப் படகோட்டிகள் கல்லில் பெயர் பொறித்த மிகப் பழைய சான்று என்ற வகையில் அது பெருமதிப்புடையது. ஆனால் அந்தத் தூணுக்கும் 1210ஆம் ஆண்டு முத்திரைக்கும் இடையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதை இணைக்கும் ஆவணம் எதுவும் இல்லை. ஒரே ஆறு, ஒரே தொழில் என்று சொல்லலாம். ஒரே குழு என்று சொல்லக் கூடாது.

மூன்றாம் படி: மேற்பட்டையைப் படியுங்கள்

நீலத் தளத்தில் பொன் லில்லி பிரான்சு மன்னர்களின் அடையாளம். அதைத் தன் கேடயத்தின் உச்சியில் வைத்துக்கொள்வது, மன்னரின் நேரடிப் பாதுகாப்பில் இருக்கும் நகரத்துக்குக் கிடைத்த மரியாதை. பாரிசுக்கு இது 1358இல் கிடைத்தது என்பது மரபு.

அந்த ஆண்டின் பின்னணியை அறிந்தால் பட்டையின் கனம் புரியும். துணி வணிகரான எத்தியேன் மார்செல் அப்போது வணிகர் தலைவர். 1357இல் கிரேவ் திடலில் ‘தூண் வீடு’ என்ற கட்டடத்தை நகரத்துக்காக வாங்கியவர் அவரே. இன்றைய நகர மண்டபம் நிற்பது அதே இடத்தில். மன்னர் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்த நேரத்தில் அவர் இளவரசரின் அதிகாரத்தை எதிர்த்து நகரத்தைத் திரட்டினார். அவருடைய ஆதரவாளர்கள் நகரத்தின் நிறங்களான சிவப்பும் நீலமும் கொண்ட தலைத்துணி அணிந்தார்கள். 1358 ஜூலை 31 அன்று சேன்தாந்துவான் வாயிலில் அவர் கொல்லப்பட்டார். பின்னாளில் ஐந்தாம் ஷார்ல் என்ற பெயரில் முடிசூடிய அந்த இளவரசர் நகரத்துக்குத் திரும்பினார். கிளர்ச்சி செய்த நகரத்தின் படகுக்கு மேலே மன்னரின் பூக்கள் வந்து அமர்ந்தன. அதை மன்னிப்பின் அடையாளமாகவும் பார்க்கலாம், உரிமை நாட்டும் கையெழுத்தாகவும் பார்க்கலாம்; எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது.

பூக்களை எண்ணிப் பாருங்கள். மூன்று மட்டும் இருந்தால் அது பிற்கால மன்னர்களின் முறை. ஐந்தாம் ஷார்லின் ஆட்சியில்தான் பூக்களை மூன்றாகக் குறைக்கும் வழக்கம் தோன்றியது. பாரிஸ் சின்னத்தின் பட்டையிலோ பழைய முறைப்படி பல பூக்கள் தூவப்பட்டிருக்கும். ஓரத்துப் பூக்கள் பாதியாக வெட்டுப்பட்டும் இருக்கும். அந்தப் பாதிப் பூக்கள் சிற்பியின் பிழை அல்ல. துணியில் அச்சிட்ட பூவேலைப்பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தது போலத் தெரிய வேண்டும் என்பதே ‘தூவல்’ முறையின் இலக்கணம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு நிறத்தின் மீது இன்னொரு நிறத்தை வைக்கக் கூடாது, பொன் அல்லது வெள்ளி இடையில் வர வேண்டும் என்பது கேடயக் கலையின் முதல் விதி. சிவப்புத் தளத்தின் மேல் நீலப் பட்டை அந்த விதியை மீறுகிறது. அதற்குப் பிரெஞ்சு வல்லுநர்கள் கண்ட வழி, அந்தப் பட்டையைத் ‘தைத்த’ பட்டை என்று விவரிப்பது: கேடயத்தின் மீது வைக்கப்பட்டதாகக் கருதாமல், அதன் விளிம்போடு சேர்த்துத் தைக்கப்பட்டதாகக் கருதிக்கொள்வது.

நான்காம் படி: கல்லில் நிறத்தைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான சின்னங்களை நீங்கள் நிறமற்ற கல்லில்தான் பார்ப்பீர்கள். நிறம் எப்படித் தெரியும்? 17ஆம் நூற்றாண்டில் அச்சுப் படங்களுக்காக ஒரு கோட்டு முறை நிலைபெற்றது. மேலிருந்து கீழாக ஓடும் நெருக்கமான கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், புள்ளிகள் பொன், ஒன்றுமில்லாத வெறுந்தளம் வெள்ளி. கல்தச்சர்களும் இதைப் பின்பற்றினார்கள்.

எங்கள் தெருவிலுள்ள தொடக்கப்பள்ளியின் வாசலில் இதை முதன்முதலாக உணர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தரையிலிருந்து பார்க்கையில் கப்பலுக்குப் பின்னால் கரி படிந்த அழுக்காகத் தெரிந்தது, கைப்பேசியில் பெரிதாக்கியபோது ஒழுங்கான செங்குத்துக் கோடுகளாக விரிந்தது. கோடுகளின் பள்ளத்தில்தான் கரி தங்கியிருந்தது. மேற்பட்டையில் கோடுகள் திரும்பிக் கிடையாக ஓடின. ஒரு லில்லியின் பக்க இதழ் மழையில் தேய்ந்து விரல்நுனி போல மழுங்கியிருந்தது. அந்த நிமிடம் வரை அது எனக்குச் சாம்பல் நிறக் கல். அதன்பின் சிவப்பும் நீலமும்.

கோடுகள் இல்லாவிட்டால் நிறம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்; பல சிற்பிகள் அவற்றை விட்டுவிட்டார்கள். இருப்பது சான்றாகும், இல்லாதது சான்றாகாது. இந்த விதி இனி வரும் படிகளுக்கும் பொருந்தும்.

ஐந்தாம் படி: உடைந்த காலத்தையும் கணக்கில் எடுங்கள்

1790 ஜூன் 19 அன்று பிரெஞ்சுப் புரட்சியின் தேசிய மன்றம் பிரபுத்துவப் பட்டங்களையும் குலச் சின்னங்களையும் ஒழித்தது. அதே ஆண்டு நவம்பரில் பாரிஸ் நகராட்சி தன் சின்னத்தையும் கைவிட்டது. கட்டடங்களிலிருந்த லில்லிகள் உளியால் சிதைக்கப்பட்டன. ஆகவே 18ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கு முந்தைய கட்டடத்தில், மேற்பட்டை மட்டும் கொத்தப்பட்டு மொட்டையாக இருந்தால், வானிலையைக் குற்றம் சொல்லும் முன் இந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அதேபோலப் பழைய கட்டடத்தில் பூக்கள் புத்தம்புதிதாகத் தெரிந்தால், அவை பின்னர் செப்பனிடப்பட்டவையாக இருக்கலாம்.

நெப்போலியன் நகரச் சின்னங்களைப் பேரரசின் அனுமதியோடு மீண்டும் ஏற்றார். 1811 ஜனவரி 29ஆம் நாளிட்ட ஆணையின்படி பாரிசுக்குக் கிடைத்த சின்னத்தில் பழங்காலக் கப்பல் ஒன்று இருந்தது; அதன் அணியத்தில் எகிப்தியத் தெய்வமான ஐசிஸ் அமர்ந்திருந்தாள்; மேலே ஒரு வெள்ளி நட்சத்திரம்; உச்சிப் பட்டையில் லில்லிகளுக்குப் பதிலாக மூன்று பொன் தேனீக்கள். பாரிஸ் என்ற பெயரே ஐசிஸ் என்ற பெயரிலிருந்து வந்தது என்று அக்காலத்தவர் சிலர் நம்பியதே அந்தத் தெய்வம் படகேறியதற்குக் காரணம். அது தவறான சொற்பிறப்பு, பெயர் பாரிசி மக்களிடமிருந்து வந்தது. தேனீ நெப்போலியனின் அடையாளம். 1653இல் கண்டெடுக்கப்பட்ட மன்னர் சில்தெரிக்கின் கல்லறையில் இருந்த பொன் தேனீக்களை நினைவூட்டி, லில்லியைவிடத் தொன்மையான அரச மரபுக்குத் தன்னை உரியவராக்கிக்கொள்ள அவர் அதைத் தேர்ந்தார். அவர் வீழ்ந்ததும் தேனீக்களும் போயின. 1817 டிசம்பரில் பதினெட்டாம் லூயியின் ஆணைப்படி லில்லிகள் திரும்பின. தேனீக்கள் அமர்ந்த பாரிஸ் கேடயம் எங்காவது உங்கள் கண்ணில் பட்டால் நின்று படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த வடிவம் வாழ்ந்த காலம் மிகக் குறுகியது.

ஆறாம் படி: நாடாவும் பதக்கங்களும்

கீழேயுள்ள நாடாவில் ‘ஃப்ளுக்துவாத் நெக் மெர்கித்தூர்’ என்ற லத்தீன் வாசகம் இருக்கும். அலைகளில் அது ஆடுகிறது, ஆனால் மூழ்குவதில்லை என்று பொருள். தமிழில் ‘அலைக்கழியும், அமிழாது’ என்று சொல்லலாம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நகரத்தின் நினைவுக் காசுகளில் இது காணப்பட்டாலும், அதிகாரபூர்வ வாசகமானது 1853 நவம்பர் 24 அன்று, பாரிசின் தெருக்களை மாற்றி அமைத்த நிர்வாகி ஒஸ்மானின் ஆணையால்தான். 2015 நவம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு ரிபப்ளிக் திடலில் இந்த மூன்று சொற்களும் பெரிய வெள்ளை எழுத்துகளில் சுவரோவியமாக எழுந்தபோது, பள்ளி வாசல்களில் இத்தனை நாளும் கவனிக்கப்படாமல் இருந்த வாசகத்தை நகரமே சேர்ந்து உரக்கப் படித்தது போலிருந்தது.

காலக் கணிப்புக்குப் பதக்கங்களே மிகவும் உதவும். ஐந்து கரங்கள் கொண்ட விண்மீன் போன்றது, பிரான்சின் உயரிய விருதான லெஜியோன் தொன்னர். அது பாரிசுக்கு 1900இல் வழங்கப்பட்டது. நான்கு கரங்களுக்கிடையே இரண்டு வாள்கள் குறுக்காகக் கிடப்பது முதல் உலகப்போரின் போர்ச் சிலுவை, 1919. செவ்வகத் தகட்டில் நிமிர்ந்த வாளும் அதன்மேல் இரட்டைக் குறுக்குக்கட்டை கொண்ட லொரேன் சிலுவையும் இருந்தால் அது விடுதலைச் சிலுவை. 1945இல் ஜெனரல் து கோல் வழங்கியது. பிரான்சில் ஐந்தே ஊர்கள் அதைப் பெற்றிருக்கின்றன. எங்கள் பள்ளி வாசலில் லெஜியோன் தொன்னர் மட்டும் இருந்தது. 1900க்குப் பிந்தியது, 1919க்கு முந்தியதாக இருக்கக்கூடும் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் சுவரின் மூலைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே 1908 என்று பொறித்திருந்தது. பதக்கமே இல்லாத சின்னத்தை 1900க்கு முந்தியது என்று சொல்லிவிடாதீர்கள். இடம் போதாமல் விட்டிருக்கலாம்.

ஏழாம் படி: நேரில் சென்று பாருங்கள்

ஒரே நாளில் இதையெல்லாம் வரிசையாகப் பார்க்க முடியும். வடக்கு ரயில் நிலையத்திலிருந்து 4ஆம் எண் மெட்ரோவில் சென் மிஷெல் நிலையத்தில் இறங்கி, க்ளூனி அருங்காட்சியகத்துக்கு நடந்து செல்லுங்கள். ரோமர் காலக் குளியல் மண்டபத்தில் படகோட்டிகளின் தூண் இருக்கிறது. கல்லில் தேய்ந்திருக்கும் ‘நவுத்தே’ (படகோட்டிகள்) என்ற லத்தீன் சொல்லைத் தேடுங்கள். பிறகு ஆற்றைக் கடந்து நகர மண்டபத்துக்குப் போங்கள். 1871 மே மாதத்தில் எரிந்த பழைய மண்டபத்தோடு நகரத்தின் ஆவணங்களில் பெரும்பங்கு அழிந்தது. இப்போது நிற்பது 1882இல் திறக்கப்பட்டது. ஆற்றுப் பக்கத்தில் எத்தியேன் மார்செலின் குதிரைச் சிலை நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே நடந்தால், நகர வரலாற்றுக்கான கார்னவலே அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக, சென் போல் நிலையத்தில் 1ஆம் எண் மெட்ரோ பிடித்து ஷான்செலிசே கிளெமான்சோ வரை சென்று, மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தின் நடுவில் நில்லுங்கள். 1900இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் வளைவு உச்சியில், ஒரு பக்கம் ரஷ்யாவின் சின்னத்தோடு நேவா ஆற்று மங்கையரும், மறுபக்கம் பாரிசின் சின்னத்தோடு சென் ஆற்று மங்கையரும் இருக்கிறார்கள். பாலத்தின் மேலே நின்றால் அவர்களின் முதுகுதான் தெரியும். கரையில் இறங்கி எதிரே நின்றோ, படகில் பாலத்தை நெருங்கியோ பார்த்தால்தான் கேடயம் தெரியும். இரண்டு அருங்காட்சியகங்களும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால் வேறொரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.